நூற்பதிவுகளைத் தேடுவதும் இறக்குவதும்: தமிழ்ப்பள்ளி நூல்நிலையப் பொறுப்பாசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறப் பள்ளிகளில் நூல்நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்தப் பொறுப்பில் பல்லாண்டு இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளை நிறுவிவிட்டோம், ஐயா. ஒவ்வொரு நூலின் விவரத்தையும் நாங்களே தட்டச்சு செய்ய வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை, ஆசிரியை. நூலகங்கள் பிற நூலகங்களின் பதிவுகளைத் தேடி எடுப்பதற்கென்றே இசட் 39.50 என்ற நெறிமுறை உள்ளது. கோஹாவில் அதற்கான தேடல் பெட்டியில் நூலுக்குரிய ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டுத் தர எண்ணை இட்டால், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் போன்றவை வைத்திருக்கும் மார்க் 21 பதிவு, அதாவது நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களாகப் பிரித்து எழுதும் பொது வடிவிலான பதிவு, உங்கள் திரைக்கு வந்துவிடும். ஆங்கில நூல்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

கேள்வி: பழைய நூலின் பத்து இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு முன்னால் 978 சேர்த்துத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லையே?

2007இல் பதின்மூன்று இலக்கத்துக்கு மாறியபோது முன்னொட்டு மட்டும் சேரவில்லை. கடைசிச் சரிபார்ப்பு இலக்கமும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. அச்சிட்டிருக்கும் பத்து இலக்கத்தையே இட்டுப் பாருங்கள்.

கேள்வி: தமிழ் நூலுக்குக் கிடைத்த பதிவில் தலைப்பு ரோமன் எழுத்தில், மேலும் கீழும் கோடும் புள்ளியுமாக இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விடக்கூடாது என்பதே என் கருத்து. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் தலைப்புக்குரிய 245ஆம் புலத்தில் ரோமன் ஒலிபெயர்ப்பை எழுதுவது வழக்கம். தமிழ் வடிவம் இருந்தால் அது, மாற்று எழுத்து வடிவத்துக்கான 880ஆம் புலத்தில் இருக்கும், பல பதிவுகளில் அதுவும் இராது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ‘சிங்கமும் முயலும்’ என்று தமிழில் தட்டித் தேடும்போது, அலமாரியில் நூல் இருந்தும் ‘இல்லை’ என்று கணினி சொன்னால், மறுமுறை அவள் கணினிப் பக்கமே வரமாட்டாள். ஆகவே 245இல் தமிழையும் 880இல் ஒலிபெயர்ப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயரையும் தலைப்பெழுத்து உட்பட எப்போதும் ஒரே வகையில் எழுதுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் டூவி முறையில் தமிழ் இலக்கியத்துக்கான எண் 894.811 என்பதால் கதை நூல்களெல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிடும். எண்ணுக்குக் கீழே ஆசிரியர் பெயரின் முதலிரண்டு எழுத்துகளைச் சேர்த்தால்தான் அடுக்க முடியும்.

கேள்வி: எழுத்துகள் சிதைந்து வருகின்றன.

இறக்கும்போது குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறையை, தவறாகத் தேர்ந்திருப்பீர்கள். பதிவு மார்க்-8இல் உள்ளதா, யுடிஎஃப்-8இல் உள்ளதா என்று பாருங்கள். யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பட்டியலாயின், முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பக்கத்துப் பள்ளி தன் பதிவுகள் அனைத்தையும் ஒரே கோப்பாகத் தந்திருக்கிறது. இறக்கலாமா?

இறக்கலாம், ஆனால் 952ஆம் புலத்தைக் கவனியுங்கள். பிரதி விவரமும் பட்டைக்குறியீட்டு எண்ணும் அங்குதான் இருக்கின்றன. நான் ஒருமுறை அதை நீக்காமல் இறக்கியதில், எங்களிடம் இல்லவே இல்லாத நூல்கள் இருப்பில் காட்டின. மாணவர்கள் இரண்டு நாள் அலமாரியைத் துழாவினார்கள். முதலில் பத்துப் பதிவுகளை மட்டும் தற்காலிகப் பகுதியில் ஏற்றி, அதே நூல் ஏற்கெனவே உங்களிடம் உள்ளதா என்று காட்டும் ஐஎஸ்பிஎன் ஒப்பீட்டை இயக்கிப் பாருங்கள். பிழையானால் அந்த இறக்குமதியை ரத்து செய்யும் வசதியும் கோஹாவில் உண்டு.

கேள்வி: நம் ஊர் எழுத்தாளர்கள் சொந்தமாக அச்சிட்ட நூல்களுக்கும் தோட்டத்துக் கோயில் மலர்களுக்கும் எங்குமே பதிவு இல்லையே?

அவற்றுக்குத்தான் தட்டச்சு செய்ய வேண்டும். ஆங்கில நூல்களில் மிச்சமாகும் நேரத்தை இங்கே செலவிடுங்கள். தோட்டத்தின் பெயரைப் பொருள் தலைப்பாகச் சேர்த்து, முடித்த பதிவுகளை மார்க் கோப்பாக அந்தப் பக்கத்துப் பள்ளிக்கும் கொடுங்கள், 952ஐ நீக்கிவிட்டு.