டேங்க் நிரம்ப மறுப்பது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பல, பெட்ரோல் போடும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றியவையாகவே இருந்தன. ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பதால் அவற்றை ஒரே இதழில் சேர்த்துத் தருகிறேன்.

கேள்வி: என் காருக்கு எட்டு வயதாகிறது. சில மாதங்களாக, பெட்ரோல் போடத் தொடங்கி ஒரு லிட்டர் இறங்குவதற்குள் நாசில் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது. டேங்க் காலியாக இருந்தாலும் இதே கதைதான். ஊழியர் நாசிலைப் பாதி அழுத்தியபடி பொறுமையாகப் பிடித்திருந்தால் மட்டுமே பெட்ரோல் இறங்குகிறது. முப்பது லிட்டர் போடக் கால் மணி நேரம் ஆகிறது. பம்பில் கோளாறா, காரில் கோளாறா?

பதில்: வேறு வேறு இடங்களில் இரண்டு மூன்று பம்புகளில் போட்டுப் பாருங்கள். ஒரு பம்பில் மட்டும் நின்றால் பழுது அந்த நாசிலில் இருக்கிறது. எல்லா இடத்திலும் நின்றால் பழுது உங்கள் காரில். மாதக்கணக்காகத் தொடர்கிறது என்று எழுதியிருப்பதால், காரில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாசில் எப்படித் தானாக நிற்கிறது என்பது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அடுத்த முறை நாசிலின் நுனியை அருகில் பாருங்கள். அங்கே ஒரு சிறு துளை தெரியும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் நாசிலுக்குள்ளேயே கைப்பிடி வரை செல்கிறது. கைப்பிடிக்குள் ஒரு குறுகலான பாதையில் பெட்ரோல் வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைவதால், நுனியிலுள்ள துளை வழியாகக் காற்று இடைவிடாமல் உறிஞ்சப்பட்டுக்கொண்டிருக்கும். அந்தத் துளையைப் பெட்ரோலோ நுரையோ மூடியவுடன் காற்று வருவது நின்று, உள்ளே உறிஞ்சும் விசை கூடி, ஒரு சவ்வு இழுபட்டுக் கொக்கி விடுபட, வால்வு மூடிக்கொள்கிறது. இதில் மின்சாரமும் இல்லை, சென்சாரும் இல்லை. டேங்க் நிரம்பியதா என்பது நாசிலுக்குத் தெரியவே தெரியாது. தன் நுனி நனைந்துவிட்டது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

அப்படியானால் காலி டேங்கில் நுனி ஏன் நனைகிறது? காலி டேங்க் என்று நாம் சொல்வது உண்மையில் காற்றும் பெட்ரோல் ஆவியும் நிறைந்த டேங்க். பெட்ரோல் எவ்வளவு உள்ளே வருகிறதோ அவ்வளவு காற்று வெளியே போயாக வேண்டும். வழக்கமான பம்பு நிமிடத்துக்கு 30 முதல் 40 லிட்டர் வரை தள்ளும். அந்த வேகத்துக்குக் காற்று வெளியேற வழியில்லை என்றால், பெட்ரோல், காரின் பெட்ரோல் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் கழுத்துக் குழாயிலேயே தேங்கி மேலேறி நாசிலின் நுனியைத் தொட்டுவிடும். உங்கள் ஊழியர் பாதி அழுத்தும்போது மட்டும் இறங்குகிறது என்பதே, காற்றுப் பாதை முழுவதும் அடைபடவில்லை, குறுகிப் போயிருக்கிறது என்பதற்குச் சாட்சி. டேங்க் நிரம்பாத கார்களில் பெட்ரோல் வரும் வழியைக் குடைவதைவிடக் காற்று போகும் வழியைத் தேடுவதுதான் பெரும்பாலும் பலன் தரும்.

அந்த வழி பழைய கார்களில் எளிமையானது: டேங்கின் மேற்பகுதியிலிருந்து கழுத்துக் குழாயின் வாய் வரை ஒரு சிறிய ரப்பர் குழாய், அவ்வளவுதான். இப்போதைய பெட்ரோல் கார்களில் ஆவி நேராக வெளியே போய்க் காற்றை மாசுபடுத்தக் கூடாது என்பதால், அது முதலில் கேனிஸ்டர் என்னும் கரிப்பெட்டிக்குள் செல்கிறது. அதிலுள்ள தூண்டப்பட்ட கரி பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ள, சுத்தமான காற்று மட்டும் ஒரு வென்ட் வால்வையும் சிறு ஃபில்டரையும் கடந்து வெளியேறுகிறது. இந்தப் பாதையில் எந்த இடம் அடைபட்டாலும் அறிகுறி ஒன்றே. குழாய் மடங்கியிருக்கலாம்; குறிப்பாக, டேங்கை இறக்கி ஏற்றிய பிறகு தொடங்கிய தொல்லை என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். காருக்கு அடியில் இருப்பதால் ஃபில்டரில் சேறும் தூசியும் அடைந்திருக்கலாம். சாதாரணமாகத் திறந்தே இருக்க வேண்டிய வென்ட் வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம். அப்போது பல கார்களில் எஞ்சின் விளக்கு எரியும், பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவியில் (கோட் ரீடர்) பி0446 போன்ற எண் வரும். டேங்குக்குள் உள்ள மிதவை வால்வு சிக்கிக்கொள்வதும் உண்டு, ஆனால் அது அரிது.

மெக்கானிக்கிடம் ஒரு சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். டேங்கிலிருந்து கேனிஸ்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் ஊற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றி இறங்கினால் அடைப்பு கேனிஸ்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. அப்போதும் நின்றால் டேங்க், மிதவை வால்வு, கழுத்துக் குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே டேங்கை மாற்றச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆவி தாராளமாக வெளியேறும் வேலை இது. திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, தீப்பொறி எதுவும் அருகில் இல்லாதபோது, பழகிய கை செய்ய வேண்டியது.

என் சொந்தக் காரில் இதே தொல்லை வந்தபோது, வென்ட் குழாயின் திறந்த முனையில் விரல்நுனி அளவுக்கு ஒரு மண் அடைப்பு இருந்தது. குளவி கூடு கட்டியிருந்தது. மண்ணை ஒரு கம்பியால் கிளறி எடுத்ததும், உலர்ந்த புழுக்கூடுகள் உள்ளங்கையில் உதிர்ந்தன. அன்று மாலையே டேங்க் ஒரே மூச்சில் நிரம்பியது. இது அபூர்வமான கதை அல்ல. 2011-ஆம் ஆண்டில் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் மாஸ்டா 6 கார்களில் சுமார் 50,000-ஐத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், இதே காற்றுக் குழாயில் ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை பின்னியதுதான். காற்று உள்ளே வர முடியாமல் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டேங்கில் விரிசல் விழும் ஆபத்து இருந்தது. ஆகவே செலவு வைக்கும் பாகங்களை மாற்றுவதற்கு முன்னால் குழாயின் வாயை ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நாசில் தானாக நின்ற பிறகும் இரண்டு மூன்று முறை அழுத்தி, தொகை முழு எண்ணாக வரும்வரை போடுவது என் வழக்கம். இதனால் கெடுதல் உண்டு என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: உண்மை. தயவுசெய்து இந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். டேங்கின் உச்சியில் கொஞ்சம் காலியிடம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் பெட்ரோல் வெயிலில் நிற்கும் காரில் விரிவடையும். 50 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ முக்கால் லிட்டர் கூடும். அந்த முக்கால் லிட்டருக்கான இடத்தைத்தான் நீங்கள் முன்கூட்டியே நிரப்பிவிடுகிறீர்கள். விரிந்த பெட்ரோல் வேறு வழியில்லாமல் ஆவி போகும் குழாய் வழியாகக் கேனிஸ்டருக்குள் திரவமாகவே போய்ச் சேருகிறது.

கேனிஸ்டர் ஆவிக்காகச் செய்யப்பட்டது, திரவத்துக்காக அல்ல. இப்படிப் பாழான ஒன்றை ஒரு பணிமனையில் அறுத்துப் பார்த்தோம். மிளகு அளவில் உலர்ந்து கலகலக்க வேண்டிய கரி உருண்டைகள், பெட்ரோலில் ஊறிக் கரும் சேறாக ஒட்டிக்கொண்டிருந்தன. நுணுங்கிய கரித்தூள் வென்ட் வால்வு வரை போய்ப் படிந்திருந்தது. அந்தக் காரின் உரிமையாளர் கொண்டுவந்த புகார் என்ன தெரியுமா? முதல் கேள்வி கேட்ட வாசகரின் அதே புகார்தான். வழிய வழிய நிரப்பியவருக்குக் கடைசியில் பாதி டேங்க் நிரப்புவதே பெரும்பாடாகிவிட்டது. முதல் ‘டக்’ கேட்டதும் நிறுத்துங்கள். சில்லறை வந்தாலும் பரவாயில்லை. நாசில் மிகச் சீக்கிரம் நின்றுவிட்டது என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் ஒருமுறை மெதுவாகத் தொடரலாம்.

கேள்வி: பெட்ரோல் போட்டு முடித்தவுடன் மட்டும் கார் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. மூன்று நான்கு முறை முயன்ற பிறகு திணறியபடி கிளம்புகிறது. மற்ற நேரங்களில் எந்தக் குறையும் இல்லை. கெட்ட பெட்ரோலாக இருக்குமோ?

பதில்: கெட்ட பெட்ரோல் என்றால் அடுத்த பல கிலோமீட்டர்களுக்கும் கார் திணறும். நிரப்பிய சில நிமிடங்களுக்கு மட்டும் என்றால் என் சந்தேகம் பர்ஜ் வால்வின் மேல் விழுகிறது. கேனிஸ்டரில் சேர்ந்த ஆவியை எஞ்சினுக்கு அனுப்பி எரிக்கும் வழியில் இருக்கும் சிறு மின் வால்வு அது. எஞ்சின் நின்றிருக்கும்போது இறுக மூடியிருக்க வேண்டும். மூடாமல் சிக்கிக்கொண்டால், பெட்ரோல் நிரப்பும்போது டேங்கிலிருந்து தள்ளப்படும் அடர்ந்த ஆவி நேராக எஞ்சினின் காற்றுப் பாதையில் போய் நிற்கும். கலவையில் பெட்ரோல் மிகுந்து தீப்பிடிக்க மறுக்கும். வால்வைக் கழற்றி, மின் இணைப்பு இல்லாமல் ஒரு முனையில் ஊதிப் பார்த்தால் காற்று போகக் கூடாது. போனால் வால்வை மாற்றிவிட வேண்டியதுதான். பல கார்களில் இது எஞ்சின் அறையிலேயே கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் பெரிய வேலையாக இராது.

கேள்வி: என்னுடையது டீசல் கார். வேகமாகப் போட்டால் நின்றுவிடுகிறது; சற்று நேரம் கழித்துப் போட்டால் இன்னும் சில லிட்டர் பிடிக்கிறது. எனக்கும் கரிப்பெட்டிதான் காரணமா?

பதில்: இல்லை. டீசல் எளிதில் ஆவியாவதில்லை என்பதால் டீசல் கார்களில் பொதுவாகக் கேனிஸ்டர் கிடையாது. உங்கள் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் நுரை. வேகமாகக் கொட்டும் டீசல் நன்றாக நுரைக்கும். நுரை எழும்பி நாசிலின் துளையை மூடினால் அதுவும் நிரம்பியதற்குச் சமம். நுரை அடங்கியதும் மறுபடி இடம் கிடைக்கிறது. லாரிகளுக்கான அதிவேகப் பம்பைத் தவிர்த்து, நாசிலின் வேகத்தைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். மெதுவாகப் போட்டும் நிற்கிறது என்றால் மட்டும் டேங்கின் காற்றுக் குழாயைப் பார்க்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டீசல் நாசில் சுமார் 24 மில்லிமீட்டர் தடிமன், பெட்ரோல் நாசில் சுமார் 21 மில்லிமீட்டர். பெட்ரோல் காரின் வாய்க்குள் டீசல் நாசில் வழக்கமாக நுழையாது. ஆனால் டீசல் காரின் வாய்க்குள் பெட்ரோல் நாசில் தாராளமாக நுழைந்துவிடும். நாசில் வழக்கத்தைவிடத் தளர்வாக ஆடுகிறது என்றால் உடனே நிறுத்திப் பாருங்கள். தவறாகப் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது; டேங்கைக் காலி செய்த பிறகுதான் எஞ்சினைத் தொட வேண்டும்.

கேள்வி: டேங்க் மூடியைத் திருகும்போது ‘புஸ்’ என்று காற்று வருகிறது. கவலைப்பட வேண்டுமா?

பதில்: லேசான சத்தம் இயல்பானதே, வெயிலில் ஆவி பெருகியிருக்கும், அல்லது பெட்ரோல் குறைந்த அளவுக்குச் சற்று வெற்றிடம் உண்டாகியிருக்கும். ஒவ்வொரு முறையும் பலமாக வந்தால், அதோடு டேங்க் நிரம்பவும் மறுத்தால், முதல் பதிலில் சொன்ன காற்றுப் பாதையைப் பாருங்கள். மின்னேற்றும் வசதியுள்ள சில ஹைபிரிட் கார்களில் மட்டும் டேங்கை வேண்டுமென்றே அடைத்தே வைத்திருப்பார்கள். பொத்தானை அழுத்தி, அழுத்தம் வெளியேறும்வரை காத்திருந்த பிறகே பெட்ரோல் வாயின் கதவு திறக்கும். அதைப் பழுது என்று எண்ணி நெம்பி உடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: கையேட்டில் டேங்கின் கொள்ளளவு 45 லிட்டர் என்று இருக்கிறது, பம்பில் 47 லிட்டர் பிடித்ததாகக் காட்டியது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இதை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. கையேட்டில் உள்ளது பாதுகாப்பாக நிரப்பும் அளவு. விரிவுக்கான இடமும் கழுத்துக் குழாயும் அந்தக் கணக்கில் சேராது. விளிம்பு வரை நிரப்பினால் சில லிட்டர் கூடுதலாகவே பிடிக்கும். சந்தேகம் இருந்தால் அளவு முத்திரையிட்ட பாத்திரத்தில் அளந்து காட்டச் சொல்லிக் கேட்பதே சரியான வழி.

கேள்வி: ஃபுல் டேங்க் போடும் நாட்களில் மட்டும் காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது. பாதி டேங்க் போட்டால் வாடை இல்லை. ஓட்டலாமா?

பதில்: சரிபார்க்கும்வரை ஃபுல் டேங்க் போடாதீர்கள், வாடை பலமாக இருந்தாலோ சொட்டு தெரிந்தாலோ ஓட்டவே வேண்டாம். நிரம்பியபோது மட்டும் வாடை என்றால் கசிவு டேங்கின் மேற்பகுதியில் இருக்கிறது: கழுத்துக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம், அதை டேங்கோடு இணைக்கும் ரப்பர் வெடித்திருக்கலாம், டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பைச் சுற்றி டேங்கின் மேல் உள்ள ரப்பர் வளையம் நைந்திருக்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும். உறைபனிக் குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு அது ஆவியாகும். ஆகவே மூடிய கேரேஜில் காரை நிறுத்தாதீர்கள். மெக்கானிக்கிடம் நிரம்பிய டேங்கோடு கொண்டுபோனால்தான் கசிவு தெரியும் என்று நினைத்து மறுபடி நிரப்பிக்கொண்டும் போகாதீர்கள். பணிமனையில் அழுத்தக் காற்றும் புகையும் செலுத்திக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கும். கால் டேங்க் பெட்ரோலே போதும்.