நான்கு பச்சை, ஒரு ஓட்டை (கடிதம்)

அன்புள்ள ஐயா,

தினமும் வேர்டில் ஆடுகிறேன். ஓர் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வரிக்குள் கண்டுபிடிக்கும் இணைய விளையாட்டு அது: சரியான இடத்தில் வைத்த எழுத்து பச்சை, சொல்லில் இருந்தும் இடம் தவறினால் மஞ்சள், இல்லாத எழுத்து சாம்பல். மூன்றாவது வரியிலேயே பெரும்பாலும் நான்கு எழுத்து பச்சையாகிவிடும். ஆனாலும் தோற்கிறேன். ஒருமுறை ஐ-ஜி-எச்-டி என்ற முடிவு தெரிந்த பிறகு லைட், நைட், ரைட் என்று மிச்ச மூன்று வரியையும் தீர்த்தேன். விடை சைட். ‘இந்த எழுத்துகள் உள்ள ஐந்தெழுத்துச் சொற்கள்’ என்று இணையத்தில் தேடினால் வரும் பட்டியலில் பாதிச் சொற்களைக் கேள்விப்பட்டதே இல்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது? முதல் சொல்லாக எதை வைப்பது? நண்பர்கள் ‘அடியூ’ (ஏ-டி-ஐ-ஈ-யூ) என்கிறார்கள்.

அன்புடன்,
வி.

அன்புள்ள வி.,

உங்களுக்குச் சொல்வளம் போதாமல் இல்லை. நான்கு பச்சை வந்ததும் மிச்சமிருக்கும் ஒன்றை மட்டும் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள். தோல்வி அங்கேதான் வருகிறது.

ஐ-ஜி-எச்-டி என முடிந்து விடையாக வரக்கூடியவை ஒன்பது: எயிட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், வைட் (டபிள்யூ-ஐ-ஜி-எச்-டி). கையில் மூன்று வரி. ஒவ்வொன்றாகப் போட்டால் ஒன்பதில் மூன்றைத்தான் தொட முடியும். அதற்குப் பதில் நான்காவது வரியில், விடையாக இருக்கவே முடியாத ‘ஃபிலிம்ஸ்’ போடுங்கள். எஃப் பச்சையானால் ஃபைட். எல் மஞ்சளானால் லைட், எம் மஞ்சளானால் மைட், எஸ் மஞ்சளானால் சைட். இரண்டாவது இடத்து ஐ எப்படியும் பச்சைதான், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். நான்கும் சாம்பலாகிவிட்டால் எயிட், நைட், ரைட், டைட், வைட் மட்டும் மிச்சம். ஐந்தாவது வரியில் ‘ரெனியூ’: ஆர்-ஈ-என்-ஈ-டபிள்யூ. ஆர் பச்சை என்றால் ரைட். ஈ மஞ்சள் என்றால் எயிட். என் மஞ்சள் என்றால் நைட். டபிள்யூ மஞ்சள் என்றால் வைட். எதுவுமே ஒட்டவில்லையா, டைட். ஆறாவது வரியில் தப்பாது. இது மிக மோசமான நிலைக்கான கணக்கு. முதல் மூன்று வரிகளில் சாம்பலான எழுத்துகள் இந்த ஒன்பதில் சிலவற்றை முன்பே கழித்திருக்கும்.

மேட்ச்-கேட்ச்-வாட்ச், ரவுண்ட்-சவுண்ட்-ஹவுண்ட், ஷேர்-ஷேவ்-ஷேம் எல்லாம் இதே வகைப் பொறிகள். மாற வேண்டிய எழுத்துகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, அவற்றில் மூன்று நான்கையாவது ஒன்றாக அடக்கும் சொல்லைத் தேடுங்கள். ஈ-ஆர் என முடியும் சொற்கள் இன்னும் கொடுமை, அங்கே ஓட்டை ஒன்றல்ல, இரண்டு மூன்று. 2022 செப்டம்பரில் ‘பேரர்’ (பி-ஏ-ஆர்-ஈ-ஆர்) விடையாக வந்த அன்று பலருடைய தொடர் வெற்றி அறுந்தது அதனால்தான்.

ஹார்டு மோடு என்னும் கடின முறையில் ஆடுகிறவர்களுக்கு ஃபிலிம்ஸ் உதவாது. அதில் பச்சையான எழுத்தை அதே இடத்திலும் மஞ்சளை எங்காவதும் வைத்தே தீர வேண்டும். அவர்கள் பொறிக்குள் போகும் முன்பே சுதாரிக்க வேண்டும். எச்சும் டியும் மஞ்சளாக மட்டும் தெரியும்போது லைட் என்று பாயாமல், அந்த இடங்கள் இன்னும் திறந்திருந்தால் ‘நார்த்’ போட்டால் என், ஆர் இரண்டும் ஒரே வரியில் சோதனையாகிவிடும்.

இனி பட்டியல். வேர்டிலில் இருப்பது இரண்டு பட்டியல்கள். இதை உருவாக்கிய ஜாஷ் வார்டில் 2021-இல் வெளியிட்டபோது விடைகளாக 2,315 சொற்கள், ஊகமாக மட்டும் ஏற்கப்படுபவை 10,657. ஐந்தெழுத்துச் சொற்களில் பலருக்கும் தெரிந்தவற்றைப் பிரித்தெடுத்தவர் அவருடைய துணைவி பலக் ஷா. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் விளையாட்டை வாங்கியது. அதன் பிறகு சில சொற்கள் சேர்ந்தன, சில போயின, ஆனால் தன்மை மாறவில்லை. இணையத் தளங்கள் இரண்டையும் கலந்து கொட்டுகின்றன. எஸ் அல்லது ஈ-எஸ் சேர்த்த பன்மைகளை முதலில் அடித்துவிடுங்கள், அவை விடையாக வருவதில்லை. கிளாஸ், டிரெஸ் போல இயல்பாகவே எஸ்ஸில் முடிபவை வரும். ஈ-டி சேர்த்த இறந்தகால வினைகளும் அபூர்வம். எஞ்சியதில் நாளிதழில் பார்த்த நினைவில்லாத சொல்லையும் தள்ளிவிடலாம்.

பட்டியலே இல்லாமலும் தேடலாம். ஐந்து கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டின் கீழும் அங்கே வரக்கூடாத எழுத்தை எழுதுங்கள். மஞ்சளான எழுத்தை அதே இடத்தில் மறுபடி வைப்பதுதான் அவசரத்தில் நடக்கும் பிழை. பிறகு எழுத்தின் சுபாவத்தைப் பாருங்கள். அந்த 2,315-இல் எஸ் முதல் எழுத்தாக 366 சொற்களில் வருகிறது, இரண்டாவதாக வெறும் 16-இல். வை 364 சொற்களில் கடைசி எழுத்து. ஈ கடைசியில் 424, நான்காவதாக 318. எச் மஞ்சளானால் அதைத் தனியாக நகர்த்தாமல் எஸ்-எச், சி-எச், டி-எச் என்று சோடியாக நகர்த்துங்கள். இரட்டை எழுத்தை மறக்கவே கூடாது, விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் ஏதோ ஓர் எழுத்து இருமுறை வரும். இரண்டு ஈ உள்ள சொல்லைப் போட்டு ஒன்று பச்சை, மற்றது சாம்பல் என்று வந்தால், விடையில் ஈ ஒன்றே ஒன்றுதான் என்று பொருள். ஈயே இல்லை என்று குழம்பிவிடுகிறார்கள்.

முதல் சொல்லுக்கு இவ்வளவு சண்டை தேவையில்லை. பழைய பட்டியலைக் கணினியில் முழுக்க அலசியவர்கள் ‘சாலெட்’ (எஸ்-ஏ-எல்-ஈ-டி) முதலிடம் என்று கண்டார்கள், சராசரி 3.42 வரி. ஆனால் 2,315 விடைகளையும் பிழையின்றி ஆடினாலும் ‘கிரேன்’ அதைவிட மொத்தமாகப் பத்து வரிதான் கூடுதலாகச் செலவழிக்கிறது. அடியூ அப்படியல்ல. நான்கு உயிரெழுத்துகளைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய? சொற்களைப் பிரித்துக் காட்டுபவை ஆர், எஸ், எல், என் போன்ற மெய்கள், அடியூவில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. கிரேனில் தொடங்குங்கள். ஐந்தும் சாம்பலானால் அடுத்து ‘மாய்ஸ்ட்’. முதல் சொல்லின் எந்த எழுத்தும் அதில் திரும்ப வராது. மூன்றாவது வரிக்கு எல், யூ, வை மூன்றையும் கவனித்தால் போதும்.