சுபுர்ரா: ஒரு மசோதாவுக்காக ஏன் இத்தனை பேர் சாகிறார்கள்?

"படம் பார்த்தேன், யார் யாருடைய ஆள் என்றே பிடிபடவில்லை. அந்தக் கடற்கரை மசோதா எதற்கு? உண்மைக் கதையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொலைகளைப் பின்தொடர்ந்து பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் எல்லோருக்கும் குழம்பும். படத்தில் ஒவ்வொரு நாளும் மசோதா எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், ஒவ்வொரு சாவும் தன் இடத்தில் வந்து உட்காரும்.

'சுபுர்ரா' ஸ்தெஃபானோ சோல்லிமா இயக்கி 2015 அக்டோபரில் வந்த இத்தாலியப் படம். கதை நடப்பது 2011 நவம்பர் 5 முதல் 12 வரை. "பேரழிவுக்கு 7 நாள்" என்று தொடங்கி, ஒவ்வொரு நாளும் திரையில் எழுத்து வரும். அந்தத் தேதிகள் சும்மா போட்டவை அல்ல. நவம்பர் 8 அன்று பிரதமர் பெர்லுஸ்கோனி அரசின் கணக்கறிக்கை மீது கீழவையில் வாக்கெடுப்பு நடந்தது. 630 பேர் அவையில் பெரும்பான்மைக்கு 316 வேண்டும், ஆதரவாக விழுந்தது 308. மறுநாள் இத்தாலிய, ஜெர்மன் கடன் பத்திரங்களின் வட்டி இடைவெளி 500 புள்ளிகளை, அதாவது 5 சதவீதத்தைத் தாண்டியது; இத்தாலி மேல் சந்தைக்கு நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம். 12ஆம் தேதி பெர்லுஸ்கோனி பதவி விலகினார். அரசு கவிழ்ந்தால் பேரம் பேசி வைத்த எம்.பி.க்கள் யாருக்கும் பயன்படமாட்டார்கள், மசோதாவும் செத்துவிடும். அதனால்தான் படத்தில் எல்லோருக்கும் அவ்வளவு அவசரம்.

மசோதா எதற்கு என்பதற்கு ஒஸ்தியாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது ரோம் மாநகராட்சிக்கு உட்பட்ட கடற்கரைப் பகுதி. இத்தாலியில் கடற்கரை அரசு நிலம். குளியல் விடுதி, குடை, நாற்காலி, உணவகம் நடத்த தனியாருக்கு உரிமம் கொடுப்பார்கள். உரிமம் வைத்திருப்பவர் சுவர் எழுப்பிவிடுவார், சாலையில் நடப்பவருக்குக் கடலே தெரியாது. கடலோரச் சாலைக்கு இத்தாலியில் 'லுங்கோமாரே' என்று பெயர். ஒஸ்தியாவில் அதை 'லுங்கோமூரோ', அதாவது சுவரோரச் சாலை என்பார்கள். உரிமம் வைத்திருப்பவனுக்கு அங்கே நாற்காலி போட்டு வாடகைதான் வாங்க முடியும். அதே இடத்தில் ஹோட்டலும் சூதாட்ட விடுதியும் கட்டலாம் என்று சட்டம் மாறிவிட்டால், மண்ணின் மதிப்பு எங்கேயோ போய்விடும். படத்தில் வரும் திட்டம் அதுதான். ஒஸ்தியாவை லாஸ் வேகாஸ் ஆக்குவது.

இப்போது ஆட்களைப் பார்ப்போம். மல்கிராதி எம்.பி., வாக்கு அவர் கையில். சாமுராய் தெற்கத்திய மாஃபியா குடும்பங்களின் பணத்துக்கு ரோமில் பொறுப்பாளி. கடற்கரை, 'எட்டாம் எண்' என்று பட்டப்பெயர் கொண்ட ஒஸ்தியா தாதா கையில். கர்தினால் பெர்ஷே வழியாக வத்திக்கான் பணம் வருகிறது. இந்த நாலு பேரில் ஒருவர் விலகினாலும் திட்டம் கவிழ்ந்துவிடும். கந்துவட்டி நடத்தும் அனாக்ளெத்தி என்ற கும்பல் குடும்பத்துக்கு இந்தப் பந்தியில் இலை இல்லை. மொத்தச் சண்டையும் அங்கிருந்துதான்.

ஹோட்டல் அறையில் போதைமருந்தால் சிறுமி ஒருத்தி சாகிறாள். மல்கிராதி நழுவிவிடுகிறார். உடலை அப்புறப்படுத்த, அந்த அறையில் கூட இருந்த பாலியல் தொழிலாளி சப்ரீனா கூப்பிடுவது ஸ்பதீனோவை. அவன் அனாக்ளெத்தி வீட்டுப் பிள்ளை. உள்ளே நுழைய இதுதான் வழி என்று எம்.பி.யை மிரட்டுகிறான். எம்.பி. தெரிந்தவர் மூலம் அவனை மிரட்டிவிட்டு வர ஆள் கேட்கிறார். வந்தவன் எட்டாம் எண். மிரட்டப் போனவன் குத்திக் கொன்றுவிடுகிறான். ஸ்பதீனோவின் அண்ணன் மன்ஃப்ரேதி பழிவாங்கக் கிளம்புகிறான். கடற்கரையை வைத்திருப்பவனும் வாக்கு வைத்திருப்பவரும் ஒரே கொலையில் மாட்டிக்கொண்டார்கள், மசோதா நடுவில் தொங்குகிறது. விருந்துகள் ஏற்பாடு செய்யும் செபஸ்தியானோ இவர்களில் யாருடைய ஆளும் இல்லை. அப்பா வாங்கிய கந்துவட்டிக் கடன் மகன் தலையில் விழுகிறது, அவ்வளவுதான்.

உண்மையா என்றால், ஆட்கள் கற்பனை, முறை உண்மை. மூல நாவலை எழுதியவர்கள் ஜான்கார்லோ தெ கதால்தோ என்ற நீதிபதியும் கார்லோ போனினி என்ற பத்திரிகையாளரும். வந்தது 2013இல். 2014 டிசம்பர் 2 அன்று ரோமில் 'மாஃபியா கப்பிதாலே' (தலைநகர் மாஃபியா) வழக்கில் பெருங்கைது நடந்தது. முதல் ஆள் மாசிமோ கார்மினாத்தி, பழைய தீவிர வலதுசாரி ஆயுதக் குழுக்காரர், ஒரு கண் பார்வை போனவர். சாமுராயைப் பார்த்ததும் இத்தாலியர்கள் நினைத்தது அவரைத்தான். அவர் உட்கார்ந்து பேசிய இடம் கோர்சோ ஃபிரான்சியாவில் ஒரு பெட்ரோல் பங்க். மேலே வாழ்பவர்கள், கீழே செத்தவர்கள், நாம் நடுவில் என்று அவர் பேசியது போலீஸ் ஒட்டுக்கேட்பில் பதிவானது. போப் விலகல் மட்டும் தேதி மாற்றப்பட்டது. பதினாறாம் பெனெதிக்த் அறிவித்தது 2013 பிப்ரவரி 11, படம் அதை 2011க்கு இழுத்து வந்திருக்கிறது. இதைப் பிழை என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அரசும் திருச்சபையும் ஒரே வாரத்தில் ஆட்டம் காண வேண்டும் என்று தெரிந்தே செய்தது அது.

அனாக்ளெத்தி வீட்டு ஆடம்பரம் மிகை என்பவர்களும் இதைப் பார்க்க வேண்டும்: படம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2015 ஆகஸ்டில், கசமோனிக்கா என்ற நிஜமான ரோம் குற்றக் குடும்பத்து மூத்தவரின் சவ ஊர்வலம் ரோமில் போனது. ஆறு குதிரை பூட்டிய வண்டி, மேலே ஹெலிகாப்டரில் இருந்து ரோஜா இதழ்கள்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். நம்மூர் கதைச்சுருக்க வீடியோக்களில் இத்தாலியப் படம் என்றாலே "மாஃபியா பழிவாங்கும் கதை". நாடாளுமன்றக் காட்சிகளை ஜவ்வு என்று வெட்டிவிட்டு துப்பாக்கிச் சூட்டை மட்டும் காட்டுகிறார்கள். இத்தாலியில் மாஃபியா என்பது சட்டச் சொல். குற்றவியல் சட்டத்தின் 416-பிஸ் பிரிவு, 1982இல் மாஃபியாவை எதிர்த்த அரசியல்வாதி பியோ லா தோர்ரேயும் பலேர்மோவின் அரசு அதிகாரி ஜெனரல் தல்லா கியேசாவும் கொல்லப்பட்ட பிறகு வந்தது. கூட்டத்தின் மிரட்டும் பலம், அதனால் வரும் பணிவு, வாய் திறக்காமை, இவற்றை நிரூபிக்க வேண்டும். கார்மினாத்தி வழக்கில் 2017இல் மாஃபியா இல்லை என்றார்கள், 2018 மேல்முறையீட்டில் உண்டு என்றார்கள், 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இல்லை என்று முடித்தது. குற்றமே இல்லை என்று சொல்லவில்லை. லஞ்சமும் குற்றக் கூட்டுச் சேர்க்கையும் அப்படியே நின்றன. இந்தப் படம் காட்டுவதும் அந்த இடைப்பட்ட பகுதியைத்தான், அதைத்தான் வெட்டுகிறார்கள்.

மறுபடி பார்த்தால் இத்தாலிய ஒலியில் பாருங்கள். எம்.பி.யை 'ஒனொரேவொலே' என்று அழைப்பார்கள், மாண்புமிகு மாதிரி. கும்பல்காரன் வாயில் அந்த மரியாதை எந்தத் தொனியில் வருகிறது என்பதை வைத்தே அன்று யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். டப்பிங்கில் அது போய்விடுகிறது. 2017இல் தொடங்கிய தொடரைப் படத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டாம். அது 2008இல் நடப்பது, எட்டாம் எண்காரனும் ஸ்பதீனோவும் அதில் கூட்டாளிகள்.

மல்கிராதி ஹோட்டல் மாடத்தில் அம்மணமாக நின்று, கொட்டும் மழையில் ஊரைப் பார்த்துச் சிறுநீர் கழிக்கும் காட்சியில் நிறுத்தித் தேதியைக் கவனியுங்கள். வாக்கெடுப்புக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஊரே தன் காலடியில் என்று அவர் நம்பும் நேரம் அது.