விமான வடிவமைப்பில் ஸ்ட்ரெஸ் இன்ஜினியர் என்ன செய்கிறார்?

பாளையங்கோட்டையில் மெக்கானிக்கல் படிக்கும் தம்பி ஒருவர், இந்த வேலை முழுக்க, பாகத்தில் எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்று மென்பொருள் வண்ணமிட்டுக் காட்டும் படத்தைக் கணினியில் பார்ப்பதுதானா என்று கேட்டிருக்கிறார்.

இல்லை, தம்பி. பறக்கும்போது வரக்கூடிய உச்ச பாரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், அதைப்போல் 1.5 மடங்கு வந்தாலும் பாகம் முறியக்கூடாது. நுணுக்கம் அதற்குப் பிறகுதான். அகலமான தகட்டில் சிறு வட்டத் துளை போட்டு இழுத்தால், துளை விளிம்பில் தகைவு (ஸ்ட்ரெஸ், அதாவது ஓர் அலகுப் பரப்பு தாங்கும் விசை) ஏறத்தாழ 3 மடங்காகும். இறக்கையிலோ ஆயிரக்கணக்கான ரிவெட் துளைகள்! பாரம் ஏறி இறங்க ஏறி இறங்க, விரிசல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும். 1954-இல் காமெட் என்ற பிரிட்டிஷ் பயணிகள் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறியது இத்தகைய உலோகச் சோர்வால்தான். ஆகவே விரிசல் விழும் என்றே வைத்துக்கொண்டு, அது எவ்வளவு வேகமாக வளரும், எந்தப் பரிசோதனையில் கண்ணில் படும் என்று கணக்கிடுகிறோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. பணகுடிப் பக்கம் சுழலும் காற்றாலை இறக்கைகளுக்கும் இந்தச் சோர்வுக் கணக்கு உண்டு.

கைக்கணக்கை விட்டுவிடாதீர்கள். பாகம் எங்கே, எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தவறாகக் கொடுத்தாலும் மென்பொருள் அழகான படமே தரும்.

வேலை பெரும்பாலும் பெங்களூரு, ஹைதராபாத்தில்தான். ஊர்ப்பக்கமே இருக்க ஆசையென்றால், மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தின் அறிவிப்புகளையும் பார்த்து வாருங்கள். அங்கும் இதே அடிப்படை உதவும்.