டாக்டர் வராத ‘டாக்டர் ஹூ’ வீடியோக்கள்: பார்க்கத் தகுந்தவையா?

கேள்வி: ‘டாக்டர் ஹூ’ தொடரை ஒட்டி, மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, நேரடியாக வீடியோ கேசட்டில் வெளியான கிளைப்படங்களை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நேரம் ஒதுக்கிப் பார்க்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?

பார்த்திருக்கிறேன். தாராளமாகப் பார்க்கலாம். பொறுமையோடு பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். இவற்றில் சில படங்கள் மூலத்தொடரே சொல்லாமல் விட்ட கதைகளைச் சொல்கின்றன. அந்தக் காரணத்துக்காகவே இவை எனக்கு மிகவும் பிடித்தவை.

பின்னணி தெரிந்தால்தான் இந்தப் படங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியும். காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் ‘டாக்டர்’ என்ற வேற்றுக்கிரகவாசியின் கதையாகப் பிபிசி 1963 நவம்பரில் தொடங்கிய தொடர், 1989 டிசம்பரோடு நின்றுபோனது. 1996இல் வந்த ஒரே ஒரு தொலைக்காட்சிப் படத்தைத் தவிர, 2005 வரை திரையில் புதிதாக எதுவும் இல்லை. பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் ரசிகர்கள் தாங்களே கேமராவை எடுத்தார்கள். கீத் பார்ன்ஃபாதர் நடத்திய ரீல்டைம் பிக்சர்ஸ், அதற்கு முன்பிருந்தே தொடரின் நடிகர்களைப் பேட்டி கண்டு கேசட்டாக விற்றுவந்த நிறுவனம். பில் பாக்ஸின் பிபிவி இன்னொன்று. கடையில் வாடகைக்கு எடுக்கும் பொதுப் பார்வையாளரை இவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. வாங்கப்போகிறவர்கள் தொடரை மனப்பாடமாக அறிந்த ரசிகர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் எப்படிச் சட்டப்படி சாத்தியமானது என்பதுதான் எனக்கு மிகவும் சுவையாகப்பட்ட விஷயம். டாக்டரும் அவர் பயணிக்கும் நீலநிறப் பெட்டியான டார்டிஸும் பிபிசிக்குச் சொந்தம். ஆனால் தொடருக்கு எழுதியவர்களில் பலர் வெளியிலிருந்து வந்த எழுத்தாளர்கள். தங்கள் கதையில் தாங்கள் உருவாக்கிய வேற்றுக்கிரக உயிர்களின் மீதான உரிமை அவர்களிடமே தங்கிவிட்டது. சோன்டாரன்களும் பிளாஸ்டிக் பொம்மைகளான ஆட்டான்களும் ராபர்ட் ஹோம்ஸின் படைப்பு. பனிமனித உருவிலான யெட்டிகள் மெர்வின் ஹெய்ஸ்மன், ஹென்றி லிங்கன் இருவரின் படைப்பு. எழுத்தாளரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ அனுமதி வாங்கினால் அரக்கர்களைத் திரைக்குக் கொண்டுவரலாம். டாக்டரை மட்டும் கொண்டுவர முடியாது.

அதாவது நாயகனைத் தவிர அந்த உலகத்தின் பெரும்பகுதி கைக்கு எட்டியது. பணமில்லாமல் எடுத்த படங்கள் என்று மட்டும் சொல்லி இவற்றைக் கடந்துவிடுபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். டாக்டர் வரமாட்டார் என்பது கதையையே மாற்றிவிடுகிறது. தொலைக்காட்சியில் அவர் வருவார், ஆபத்தை நீக்குவார், பெட்டியில் ஏறிப் போய்விடுவார். அவரோடு ஓடியவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? இரவில் அவர்களுக்குத் தூக்கம் வருகிறதா? திருமணம், பிள்ளை, வேலை, முதுமை? பழைய தொடர் இதைக் கேட்க அநேகமாக நிற்பதே இல்லை. லிஸ் ஷா என்ற கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி 1970ஆம் ஆண்டுத் தொடர் முழுக்க டாக்டரோடு உழைத்தார். அடுத்த ஆண்டு தொடர் தொடங்கியபோது, அவர் கேம்பிரிட்ஜுக்கே திரும்பிவிட்டார் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். விடைபெறும் காட்சிகூட இல்லை.

அந்த லிஸ் ஷாவுக்குத்தான் பிபிவி 1994 முதல் ‘புரோப்’ என்ற வரிசையில் நான்கு படங்கள் கொடுத்தது. தொடரில் லிஸ்ஸாக நடித்த அதே கரோலின் ஜான், நடுவயதில், அமானுஷ்ய வழக்குகளை விசாரிக்கும் பிரிவின் தலைமையில். எழுதியவர் மார்க் கேடிஸ், அப்போது பெயர் தெரியாத இளைஞர். முதல் படமான ‘தி ஜீரோ இம்பரேட்டிவ்’ இல் தொடரில் வெவ்வேறு காலங்களில் டாக்டராக நடித்த ஜான் பெர்ட்வீ, காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் மூவரும் வேறு வேறு வேடங்களில் வருகிறார்கள். படம் இழுக்கிறது, இருட்டுக் காட்சிகளில் யார் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஆனாலும் கரோலின் ஜான் ஒரு அறைக்குள் நுழைந்ததும் அந்த அறை அவருடையதாகிவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் அது.

என் முதல் பரிந்துரை 1995இல் ரீல்டைம் வெளியிட்ட ‘டவுன்டைம்’. எழுதியவர் மார்க் பிளாட். இயக்கியவர் கிறிஸ்டோபர் பாரி. 1963இல் தொடரின் பெயர்பெற்ற அரக்கர்களான டாலெக்குகள் முதன்முதலாக வந்த கதையின் இயக்குநர்களில் ஒருவர். அறுபதுகளில் டாக்டரோடு பயணித்த விக்டோரியாவாக டெபோரா வாட்லிங், எழுபதுகளின் சாரா ஜேனாக எலிசபெத் ஸ்லேடன், வேற்றுக்கிரக ஆபத்துகளை எதிர்கொள்ளும் ‘யூனிட்’ என்ற இராணுவ அமைப்பின் தலைவரான பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்டாக நிக்கலஸ் கோர்ட்னி. பேராசிரியர் டிராவர்ஸாக நடிக்கும் ஜாக் வாட்லிங், டெபோராவின் சொந்தத் தந்தை. 1967இல் யெட்டிகள் முதன்முதலாக வந்த கதையிலும் அவரே டிராவர்ஸ்.

கதை நடப்பது ‘நியூ வேர்ல்டு’ என்ற பல்கலைக்கழகத்தில். மாணவர்கள் எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒரே மாதிரி உடையில், யாரோ முடுக்கிவிட்டதுபோல் நடக்கிறார்கள். படம் பிடித்தது நாரிச் நகரில் உள்ள கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில். டெனிஸ் லாஸ்டன் வடிவமைத்த, படிப்படியாக ஏறும் கான்கிரீட் கட்டடங்கள் அங்கே இருக்கின்றன. செட் போடப் பணம் இல்லாதவர்களுக்கு அந்த இடம் பெரும் கொடை. வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் சாம்பல் சுவர்களுக்கு நடுவே வெறித்த கண்களோடு இளைஞர்கள் போவதும் வருவதும், எந்தச் சிறப்பு ஒளி அமைப்பும் இல்லாமலே உறுத்துகிறது. பட்டப்பகலில் உலாவும் யெட்டிகள் அந்த அளவுக்கு எடுபடவில்லை. ரோம உடைக்குள் ஆள் இருப்பது தெரிகிறது. இராணுவம் வந்து மோதும் இறுதிப் பகுதியில், பத்துப் பேரை நூறு பேராகக் காட்டக் கேமரா படும் பாடும் தெரிகிறது.

ஆனால் இந்தப் படத்தின் மையம் ஒரு படகு வீட்டில் இருக்கிறது. பிரிகேடியருக்கு ஒரு மகள் இருக்கிறாள், பெயர் கேட். பல ஆண்டுகளாகத் தகப்பனோடு பேச்சில்லை. படகு ஒன்றில் தன் சிறுவனோடு தனியாக வாழ்கிறாள். தனக்கு ஒரு பேரன் இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. உலகத்தைப் பலமுறை காத்தவர், சொந்த வீட்டுச் செய்தி தெரியாதவர். கோர்ட்னி இந்தப் பகுதியில் குரலை உயர்த்துவதே இல்லை. அதட்டிப் பழகிய இராணுவக் குரல், மகள் முன்னால் சொல் தேடித் தடுமாறுகிறது. இராணுவத் தலைமையக அறைகளில் வைத்து ஆண்டுக்கணக்கில் நமக்குக் காட்டப்பட்ட ஒருவரை, இங்கேதான் ஒரு தகப்பனாகப் பார்க்கிறோம்.

என் மகளோடு சேர்ந்து பார்த்தபோது, “டாக்டர் எப்போது வருவார், அப்பா?” என்று பாதிப் படத்தில் கேட்டாள். வரமாட்டார் என்றேன். “அப்படியென்றால் இவர்களே பார்த்துக்கொள்ள வேண்டுமா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் படத்தின் மேல் பிடிப்பு வந்துவிட்டது. இந்தப் படங்களை விரும்புவதற்கு இதைவிடத் தெளிவாக என்னால் காரணம் சொல்ல முடியாது.

‘ஷேக்டவுன்: ரிட்டர்ன் ஆஃப் தி சோன்டாரன்ஸ்’ வேறு சுவை. இது அடைபட்ட இடத்தில் நடக்கும் துரத்தல் கதை. சூரியக் காற்றில் ஓடும் பந்தய விண்கப்பலுக்குள் சோன்டாரன்கள் புகுந்துவிடுகிறார்கள். தங்கள் பரம எதிரியான ரூட்டன் ஒன்று அங்கே ஒளிந்திருப்பதாகத் தேடுகிறார்கள். எழுதியவர் டெரன்ஸ் டிக்ஸ், இயக்கம் கெவின் டேவிஸ். விண்கலத்தின் உட்புறத்துக்காக அவர்கள் போனது, லண்டனில் தேம்ஸ் ஆற்றில் அருங்காட்சியகமாக நிற்கும் எச்எம்எஸ் பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பலுக்கு. இரண்டாம் உலகப் போரில் உண்மையிலேயே சண்டையிட்ட கப்பல். அதன் குழாய்களும் இரும்பு ஏணிகளும் குறுகிய கதவுகளும் எந்த செட்டும் தரமுடியாத கனத்தைத் தருகின்றன. ஒருவர் குனிந்து கதவைத் தாண்டும்போது உண்மையாகவே குனிகிறார். அந்தக் காலத் தொலைக்காட்சிக் கதைகளில் ஆடும் அட்டைச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும்.

ரூட்டன்களைத் தன் முதல் சோன்டாரன் கதையில் பெயரளவில் குறிப்பிட்டவர் ஹோம்ஸ். 1977இல் ஒரு கலங்கரை விளக்கக் கதையில் அவற்றை முதலில் திரைக்குக் கொண்டுவந்தவர் இதே டிக்ஸ். ஆனாலும் இந்த இரண்டு எதிரி இனங்களும் ஒரே கதையில் நேருக்கு நேர் மோதுவதைப் பழைய தொடர் காட்டவே இல்லை. அந்தக் கடனை ஒரு கேசட் தீர்த்தது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் இறுதியில் வந்த ‘வார்டைம்’ தான் இந்த வகையில் முதலாவது. தொடரில் பிரிகேடியரின் கீழ் பணிபுரிந்த பென்டன் என்ற எளிய இராணுவ வீரர் இறந்துபோன தன் குடும்பத்தின் நினைவுகளோடு போராடுவது கதை. அளவில் சிறியது, நேர்மையானது. ‘தி ஏர்சோன் சொல்யூஷன்’ (1993) நான்கு முன்னாள் டாக்டர்களைச் சேர்த்துக் காற்று மாசைப் பற்றிப் பேசுகிறது. எண்ணம் நல்லது, படம் சோர்வு தட்டுகிறது. ‘ஆட்டான்’ மூன்று படங்களில் 1997இல் வந்த முதலாவது போதும். காலின் பேக்கரையும், தொடரில் அவருடைய துணையாக நடித்த நிக்கோலா பிரையன்ட்டையும் பெயர் மாற்றி இறக்கிய ‘தி ஸ்ட்ரேஞ்சர்’ வரிசை, அவர்கள் இருவரையும் நேசிப்பவர்களுக்கு மட்டும்.

பார்க்கும்போது ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் படங்களின் பெரிய குறை படம் அல்ல, ஒலி. திறந்தவெளியில் பதிந்த வசனத்தைக் காற்று தின்றுவிடுகிறது. பெரிய திரை வேண்டாம். பழைய வீடியோப் பதிவைப் பெரிதாக்கினால் முகங்கள் கரைந்துவிடும். முதல் கால் மணி நேரத்தில் முடிவெடுத்துவிடாதீர்கள். இவற்றை எடுத்தவர்கள் அப்போது தொழில் கற்றுக்கொண்டிருந்தார்கள். மார்க் கேடிஸ் 2005இல் தொடர் மீண்டும் வந்தபோது அதற்கே எழுதினார். ‘ஆட்டான்’ எடுத்த நிக்கலஸ் பிரிக்ஸ்தான் 2005 முதல் டாலெக்குகளின் குரல்.

தொடங்கும் வரிசை கேட்டிருந்தீர்கள். முதலில் 1968ஆம் ஆண்டுக் கதையான ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ பாருங்கள். லண்டன் சுரங்க ரயில் பாதையில் யெட்டிகள் வரும் கதை. பிரிகேடியர் முதலில் வருவது இதில்தான், அப்போது அவர் கர்னல். ‘டவுன்டைம்’ எடுத்த காலத்தில் இதன் ஆறு பகுதிகளில் முதல் பகுதி மட்டுமே கையில் இருந்தது. மற்றதெல்லாம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. திரும்பப் பார்க்க வழியில்லாத ஒரு கதைக்குத் தொடர்ச்சி எழுதி, அதே நடிகர்களைக் கூட்டிவந்து படமெடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மதிப்பு கூடுகிறது. நைஜீரியாவிலிருந்து நான்கு பகுதிகள் மீட்கப்பட்டது 2013இல் வெளியில் தெரிந்தது. மூன்றாம் பகுதி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. பிரிகேடியர் முதன்முதலாக முகம் காட்டும் பகுதி அது.

அடுத்து ‘டவுன்டைம்’. அதை முடித்த கையோடு 2012இல் பிபிசி ஒளிபரப்பிய ‘தி பவர் ஆஃப் த்ரீ’. கோர்ட்னி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். யூனிட் அமைப்பின் அறிவியல் ஆய்வுத் தலைவராக ஒரு பெண் வருகிறார். கேட் ஸ்டூவர்ட். நடிப்பது ஜெம்மா ரெட்கிரேவ். சலுகை எதுவும் வேண்டாம் என்றுதான் பெயரிலிருந்து லெத்பிரிட்ஜை விட்டுவிட்டதாக டாக்டரிடம் சொல்கிறார். கடைசி வரை அப்பாதான் வழிகாட்டினார் என்றும் சொல்கிறார். பிபிசியில் மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியில் ஒரு புதிய கதாபாத்திரம் அறிமுகமாகிறது. உங்களுக்கு, தகப்பனோடு பேசாமல் படகில் வாழ்ந்த அந்த மகள் பெரியவளாகி வந்திருப்பாள்.