புதுக் கார்: ஃபைனான்ஸ் அறையில் எதற்குக் கையெழுத்து?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன், அரசு மருத்துவமனையில் நர்ஸ். முதல்முறையாகப் புதுக் கார் வாங்கப் போகிறேன். டொயோட்டா கொரொல்லா கிராஸ், வங்கிக் கடனில். விலை பேசி முடித்ததும் ஃபைனான்ஸ் அறைக்குள் உட்கார வைத்து ஒரு பட்டியல் கொடுத்தார்கள். கிரெடிட் லைஃப், ஷார்ட்ஃபால் கவர், ஸ்க்ராட்ச் அண்ட் டென்ட், டயர் அண்ட் ரிம், எக்ஸ்டெண்டட் வாரண்டி, பெயிண்ட் பாதுகாப்பு, ஜன்னல் ஃபிலிம் எல்லாம் சேர்த்து 25,000 ரேண்ட். “மாதம் ஐந்நூறுகூட வராது” என்கிறார்கள். இன்ஷூரன்ஸும் அங்கேயே போட்டுக்கொள்ளலாமாம். அண்ணன் தேர்ட் பார்ட்டி போதும் என்கிறார். அப்பாவோ, தன் பெயரில் பாலிசி எடுத்தால் பிரீமியம் நன்றாகக் குறையும் என்கிறார். வெள்ளிக்கிழமை கையெழுத்து. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அப்பா சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பட்டியலில் இருக்கும் 25,000 ரேண்ட் போனால் அத்தோடு போயிற்று. அப்பாவின் யோசனை தப்பிப் போனால் காரே போகும், கடன் மட்டும் நிற்கும்.

இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தில் ‘ரெகுலர் டிரைவர்’ யார் என்று கேட்பார்கள். பாலிசி யார் பெயரில் என்பது வேறு கேள்வி. இது, மாதத்தில் அதிக நாள் ஸ்டியரிங்கைப் பிடிப்பது யார் என்ற கேள்வி. நம் வீடுகளில் இது சர்வசாதாரணமாக நடக்கிறது: பிள்ளை ஓட்டும் கார், அறுபது வயது அப்பாவின் பெயரில், அப்பாவே ஓட்டுவதாக. பிரீமியம் குறைவது உண்மைதான். பல வருடம் க்ளெயிம் இல்லாமல் ஓட்டியவருக்கும், லைசென்ஸ் வாங்கிக் கொஞ்ச நாளே ஆனவருக்கும் ஒரே விலை போட மாட்டார்கள். ஆனால் பிரீமியம் வாங்கும்போது யாரும் வந்து சரிபார்ப்பதில்லை. க்ளெயிம் போடும்போதுதான் பார்ப்பார்கள். நைட் டியூட்டி முடித்து விடியற்காலை வரும் வழியில் இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் யூனிஃபார்மில் நிற்கிற நீங்கள், “இன்றைக்கு மட்டும்தான் நான் எடுத்தேன்” என்று சொல்ல முடியுமா? தகவலை மறைத்ததாக எழுதி க்ளெயிமை நிராகரிக்கலாம். அப்போது வங்கி தவணையை அப்பாவிடம் கேட்காது, உங்களிடம்தான் கேட்கும். பாலிசி உங்கள் பெயரில், ரெகுலர் டிரைவர் நீங்கள். அப்பா எப்போதாவது ஓட்டுவார் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அதே தாளில் இன்னொரு கேள்வி இருக்கும்: இரவில் கார் எங்கே நிற்கும்? பூட்டிய கராஜ் என்றால் விலை குறையும். சாட்ஸ்வர்த் கராஜ்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி வீட்டில் அது வாடகைக்கு விட்ட அறையாகியிருக்கும். மீதியில் டீப் ஃப்ரீசரும் பிளாஸ்டிக் நாற்காலியும் புரட்டாசிச் சமையல் அண்டாவும் நிற்கும், கார் வெளியே நிற்கும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால், ‘கேட்டுக்கு உள்ளே, திறந்த இடம்’ என்றே சொல்லுங்கள். கூடும் தொகை பெரிதாக இருக்காது.

அண்ணன் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். கடன் தீரும்வரை காம்ப்ரிஹென்சிவ் இன்ஷூரன்ஸ், அதாவது உங்கள் காரின் சேதத்துக்கும் திருட்டுக்கும் சேர்த்த கவர், இருக்க வேண்டும் என்பது வங்கியின் நிபந்தனை. அடுத்தவர் சேதத்துக்கு மட்டும் கொடுக்கும் தேர்ட் பார்ட்டியை ஏற்க மாட்டார்கள். அவர் ஒருவேளை ‘அதான் ரோடு ஆக்சிடென்ட் ஃபண்ட் இருக்கிறதே’ என்று நினைக்கிறாரோ என்னவோ. பெட்ரோல் லிட்டருக்கு இரண்டு ரேண்டுக்கு மேல் அந்த ஃபண்டுக்குப் போகிறது, சரி. ஆனால் அது ஆளுக்கு அடிபட்டால், உயிர் போனால் மட்டும்தான். நீங்கள் இடித்த பிஎம்டபிள்யூவின் பம்பருக்கு அதிலிருந்து ஒரு சென்ட் வராது.

காம்ப்ரிஹென்சிவ் எடுக்கும்போது இரண்டைக் கேட்டு உறுதி செய்யுங்கள். கார் முழுச் சேதமானால் கொடுப்பது டீலர் விற்கும் ரீடெயில் வேல்யூவா, அதைவிடக் குறைந்த மார்க்கெட் வேல்யூவா? ரீடெயில் என்று எழுதியிருக்க வேண்டும். அப்புறம், சாஸ்ரியா சேர்ந்திருக்கிறதா? கலவரத்தில் எரிந்த காருக்குச் சாதாரண பாலிசி பணம் தராது, அரசின் சாஸ்ரியாதான் தரும். தனியார் காருக்கு அதன் விலை மாதம் சில ரேண்ட்தான். 2021 ஜூலையில் நம் ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கலவரத்துக்குச் சாஸ்ரியா கொடுத்தது 3,000 கோடி ரேண்டுக்கும் மேல். வெள்ளம் வேறு கணக்கு, அது காம்ப்ரிஹென்சிவுக்குள் வரும். நீங்கள் வாங்கும் கார் தயாராகும் பிராஸ்பெக்டன் ஆலையே 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கி மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. டர்பனில் இந்த இரண்டையும் ‘எப்போதோ நடப்பது’ என்று தள்ள முடியாது.

இனி ஃபைனான்ஸ் அறை. வெள்ளிக்கிழமை என்ற அவசரம் அவர்களுடையது. தேசியக் கடன் சட்டப்படி உங்களுக்குத் தரும் கொட்டேஷன் 5 வேலை நாட்களுக்கு அவர்களைக் கட்டுப்படுத்தும். தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வாருங்கள். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று கடன் தருபவர் கேட்கலாம், தன்னிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. வெளியே மூன்று இடத்தில் விலை கேளுங்கள். மூன்று பேரிடமும் எக்ஸஸ், அதாவது க்ளெயிமில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு, ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பிரீமியம் குறைந்ததுபோல் தெரியும், விபத்தன்று உங்கள் பையிலிருந்து போவது கூடியிருக்கும்.

“மாதம் ஐந்நூறுகூட வராது” என்றார்கள் அல்லவா? 25,000 ரேண்டைக் கடனோடு சேர்த்து 72 மாதத்துக்கு 12 சதவீத வட்டியில் போட்டால் தவணை 489 ரேண்ட் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. கடைசியில் நீங்கள் கட்டியிருப்பது சுமார் 35,200. டயர் கவர் சில வருடத்தில் காலாவதியாகிவிடும், அதற்கான வட்டியை ஆறாவது வருடமும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். எதை எடுத்தாலும் கடனுக்குள் சேர்க்காமல் மாதப் பிரீமியமாகவோ ரொக்கமாகவோ கொடுங்கள். முடியாது, கடனோடுதான் வரும் என்றால் அந்தப் பொருளே வேண்டாம்.

அந்தப் பட்டியலின் கவர்களில் நான் மதிப்பது ஷார்ட்ஃபால் கவர் ஒன்றைத்தான், அதுவும் எல்லாருக்கும் இல்லை. புதுக் கார் கடையை விட்டு வெளியே வந்ததும் விலை சரியும். கடன் அந்த வேகத்தில் குறையாது. முதல் வருடத்திலேயே கார் திருடு போனால் வங்கிக்குக் கட்ட வேண்டியது 4,20,000, இன்ஷூரன்ஸ் தருவது 3,70,000 என்று ஆகலாம். நடுவில் நிற்கும் 50,000 ரேண்ட் இல்லாத காருக்கான கடன், ஷார்ட்ஃபால் கவர் கட்டுவது அதைத்தான். நீங்கள் டெபாசிட் இல்லாமல் வாங்கினாலோ, கடைசியில் பலூன் (கடன் முடிவில் ஒரே தடவையாகக் கட்டும் பெரிய தொகை) வைத்தாலோ இது வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு முன்பணம் கட்டுகிறீர்கள், பலூன் இல்லை என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. வேண்டுமென்றாலும் அதை உங்கள் கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமே கேளுங்கள். அதே பாலிசியில் ஒரு வரியாகச் சேர்ப்பார்கள், விலையும் அநேகமாகக் குறைவாக இருக்கும். பலூனை நீங்களாகக் கேட்டிராவிட்டால், தவணையைக் குறைத்துக் காட்ட யாராவது சேர்த்திருக்கிறார்களா என்று தாளில் ஒருமுறை பாருங்கள்.

கிரெடிட் லைஃப் என்பது நீங்கள் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் இன்ஷூரன்ஸ். நீங்கள் அரசு ஊழியர், பென்ஷன் ஃபண்டில் இறப்புப் பலன் ஏற்கனவே உண்டு. தனியாக லைஃப் பாலிசி இருந்தால் அதையே வங்கிக்குக் காட்ட உரிமை இருக்கிறது. எதுவும் இல்லை, கடனை அப்பா தலையில் விட்டுப் போக மனமில்லை என்றால் எடுங்கள். ஆனால் வெளியே விலை கேட்டுவிட்டு.

எக்ஸ்டெண்டட் வாரண்டியை இப்போது வாங்குவதில் எனக்கு அர்த்தமே தெரியவில்லை. கம்பெனி வாரண்டி 3 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர், சர்வீஸ் பிளான் 90,000 கிலோமீட்டர் வரை காரோடு வருகிறது. மூன்று வருடம் கழித்து ஆரம்பிக்கும் பொருளுக்கு இன்றிலிருந்து வட்டி எதற்கு? வாரண்டி முடியப் போகும் சமயத்தில் யோசித்தால் போதும். 2021 ஜூலையிலிருந்து காம்பெடிஷன் கமிஷனின் வழிகாட்டல் நடைமுறையில் இருக்கிறது. காரின் விலையையும் இப்படிப்பட்ட பிளான்களின் விலையையும் பிரித்துக் காட்டச் சொல்லலாம்.

ஸ்க்ராட்ச் அண்ட் டென்ட், டயர் அண்ட் ரிம் இரண்டும் வேண்டாம். இந்த ஊர்க் குழிகளைப் பார்த்தால் டயர் கவர் ஆசையாகத்தான் இருக்கும். அதில் ஒரு டயருக்கு எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை தடவை என்ற உச்சவரம்பைப் படித்துவிட்டு, அந்தக் காசை ஒரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். பெயிண்ட் பாதுகாப்புக்கு நல்ல வாக்ஸ் போதும்.

ஜன்னல் ஃபிலிம் போடுங்கள். ரோபோவில், அதாவது டிராஃபிக் சிக்னலில், நிற்கும்போது கண்ணாடியை உடைத்துக் கைப்பையைப் பிடுங்குவது இங்கே தினக் கதை, நீங்களோ இருட்டில் தனியாக வருகிறவர். ஆனால் டீலரிடம் வேண்டாம், ஃபிலிம் ஒட்டும் கடையில் விலை கேளுங்கள். ஒட்டியபின் அதை இன்ஷூரன்ஸில் பதியச் சொல்லுங்கள்.

கொட்டேஷனின் அடியில் கட்டணங்கள் இருக்கும். வங்கி கடனைத் தொடங்க வாங்கும் இனிஷியேஷன் ஃபீ வாட் சேர்த்து அதிகபட்சம் 1,207.50 ரேண்ட், மாத சர்வீஸ் ஃபீ 69. இவை சட்டம் வைத்த வரம்பு. ரிஜிஸ்ட்ரேஷன், நம்பர் பிளேட் நிஜச் செலவு. ‘அட்மின்’, ‘டெலிவரி’, ‘ஆன் தி ரோடு’ என்று வேறு பெயர்களில் ஆயிரக்கணக்கில் இருந்தால், எதற்கு என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் வெட்டச் சொல்லுங்கள். கார் விற்காமல் போவதைவிட இரண்டாயிரத்தை விடுவது அவர்களுக்கு லாபம்.

ஏற்கனவே எதற்காவது கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசித் தாளில் கூலிங்-ஆஃப் என்ற பகுதியைத் தேடுங்கள். க்ளெயிம் எதுவும் செய்யாமல், குறித்த நாட்களுக்குள் எழுத்தில் ரத்து செய்தால் கட்டிய பிரீமியம் திரும்பும்.

கடைசியாக, சாவி வாங்கும் நாள். இன்ஷூரன்ஸ் அன்று காலையே தொடங்கிவிட்டது என்ற உறுதிக் கடிதம் ஃபோனில் இருக்கட்டும். ஷோரூமிலிருந்து கோவிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் நசுக்குவதற்குள்ளேயே இடித்தவர்கள் உண்டு. ட்ராக்கர் வேண்டுமா என்பதை உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் சொல்ல வேண்டும். வேண்டும் என்றால், அது பொருத்தி வேலை செய்கிறது என்ற சான்றிதழ் போய்ச் சேரும்வரை திருட்டுக்குக் கவர் இல்லை என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும். கார் ஷோரூமில் நிற்கும்போதே பொருத்தி, சான்றிதழை அனுப்பியபின் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.