வாசகர் கேள்வி: ஈம் கிராமமும் அதன் ஆலயமும்

கேள்வி: பிளேக் வந்தபோது ஊர் எல்லையைத் தானே மூடிக்கொண்ட இங்கிலாந்துக் கிராமம் எது? அதை எப்படிச் செய்தார்கள்?
– வாசகி, பாளையங்கோட்டை

டார்பிஷயரில் உள்ள ஈம். 1665இல் லண்டனிலிருந்து தையல்காரர் வீட்டுக்கு ஒரு துணி மூட்டை வந்தது. ஈரமாயிருந்த துணியை உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் அடுப்பருகே விரித்துக் காயவைத்தார். அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகள் கடித்ததால்தான் நோய் தொற்றியது என்பது ஊர் வழக்கு. செப்டம்பர் 7 அன்று அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

குளிர்காலத்தில் இறப்பு குறையவே, நோய் போய்விட்டதென்று நம்பினார்கள். அடுத்த கோடையில் அது மறுபடி எழுந்தது. ஜூன் 1666இல் போதகர் வில்லியம் மாம்பெஸன் மூன்று ஏற்பாடுகளை முன்வைத்தார். இறந்தவரை அந்தந்தக் குடும்பமே தன் தோட்டத்திலோ வயலிலோ புதைக்க வேண்டும். ஆலயத்தைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில், குடும்பங்கள் விலகி நின்று ஆராதிக்க வேண்டும். எவரும் எல்லை தாண்டக் கூடாது.

சோற்றுக்கு வழி? டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பினார். அக்கம்பக்கத்தவர் பொருளை எல்லையில் வைத்துவிட்டுப் போவார்கள். பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்குப் போகும் வழியிலுள்ள எல்லைக்கல்லின் குழிகளில் ஈம் மக்கள் வினிகர் ஊற்றி, அதில் காசை இடுவார்கள். மாம்பெஸன் கிணறு எனப்படும் ஊற்றில் ஓடும் நீரே காசைக் கழுவியது.

இதில் தாமஸ் ஸ்டான்லியை மறப்பது அநியாயம். இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலைக் கட்டாயமாக்கிய 1662 சட்டத்துக்கு இணங்காததால் பதவி இழந்த முந்தைய போதகர் அவர். புதிதாக வந்த மாம்பெஸனைவிட மக்கள் அவரையே நம்பினார்கள். அவர் உடன் நிற்காவிட்டால் ஊர் இசைந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: அப்படியும் ஏன் அத்தனை பேர் இறந்தார்கள்?
– வாசகர், மதுரை

பிளேக்கில் இறந்தவர்களின் பட்டியலில் சுமார் 260 பெயர்கள் இருக்கின்றன. 1666 ஆகஸ்டில் மட்டும் 78. எல்லையை மூடியது வெளியூர்களைக் காப்பதற்கு. உள்ளே நோயாளியும் நலமாயிருந்தவரும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள். இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, நான்கில் மூன்று பங்கு தொற்று மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியது என்று கணிக்கிறது. எலித் தெள்ளின் பங்கு அதைவிடக் குறைவு. ஹான்காக் குடும்பத்தைப் பாருங்கள்: எட்டே நாளில் எலிசபெத் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். ஊருக்குச் சற்று வெளியே, ரைலி கல்லறைகள் என்று அந்தக் கற்கள் இன்றும் இருக்கின்றன.

கேள்வி: புனித லாரன்ஸ் ஆலயத்தில் பார்க்க வேண்டியவை? பழைய பதிவேடுகளைப் படிக்கும்போது எங்கே தவறு நேரும்?
– வாசகர், நாகர்கோவில்

ஆலய வளாகத்திலுள்ள 8ஆம் நூற்றாண்டுக் கற்சிலுவையை முதலில் பாருங்கள். தண்டில் ஒரு பகுதி இல்லை. அருகிலேயே மாம்பெஸனின் மனைவி கேத்தரின் கல்லறை. அவரும் 1666 ஆகஸ்டில் நோய்க்குப் பலியானவர். சுவரில் 1775ஆம் ஆண்டுச் சூரியக் கடிகாரம். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு போனால் நினைவு ஆராதனையிலும் கலந்துகொள்ளலாம்.

பதிவேட்டில் தடுமாற வைப்பது ஆண்டுக் கணக்கு. 1752 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே 'பிப்ரவரி 1665' என்ற பதிவு நம் கணக்கில் 1666. இதைக் கவனிக்காவிட்டால், விக்கர்ஸுக்கு முன்பே பிளேக்கில் செத்தவர்கள் இருந்ததாகத் தோன்றும். குறிப்பெடுக்கும்போது 1665/66 என்று இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.